உணவு அலர்ஜி எவ்வளவு கடுமையானது: கணிக்கும் முறை

"இறால் அலர்ஜிதான், ஆனா லேசா." அலர்ஜி உள்ளவர்களின் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எதை வைத்து லேசு என்கிறீர்கள் என்று கேட்டால், போன தடவை தடிப்போடு நின்றுவிட்டது, ஓர் அவில் மாத்திரையில் அடங்கிவிட்டது என்பார்கள். அது போன தடவையின் கணக்கு. அன்று தின்ற அளவு, அன்றைய உடல்நிலை, சாப்பிட்டபின் ஓடினாரா படுத்தாரா என்பதெல்லாம் சேர்ந்து வந்த விடை அது. இவற்றில் ஒன்று மாறினாலும் விடை மாறும். தடிப்போடு நின்றவர்களில் சிலருக்கு அடுத்த தடவை மூச்சு அடைக்கிறது.

ஆகவே கடுமையைக் கணிக்க நான்கு விஷயங்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்: இதுவரை வந்ததில் மோசமானது எதுவரை போனது, எவ்வளவு உணவுக்கு அது வந்தது, அப்போது வேறு என்ன சேர்ந்திருந்தது, ஆபத்தைக் கூட்டும் வேறு நோயோ மருந்தோ இந்த உடம்பில் உண்டா. ரத்தப் பரிசோதனை இவற்றுக்கெல்லாம் பிறகுதான். பலர் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இது பழைய சம்பவங்களை வைத்துக் கணிக்கும் முறை. ஒருவருக்கு இப்போதே குரல் கம்முகிறது, மூச்சிரைக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் கணிப்பதற்கு ஒன்றுமில்லை. கையில் அட்ரினலின் ஊசி (கடும் அலர்ஜிக்கு முதலில் போட வேண்டிய மருந்து) இருந்தால் தொடையில் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்; இலங்கையில் 1990. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுப்பி நடத்திக் கூட்டிப் போகக் கூடாது. ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் சட்டென்று எழுந்து நின்றதாலேயே உயிர் போனவர்கள் உண்டு.

முதலில், அது அலர்ஜிதானா?

சாப்பிட்டதற்கும் அறிகுறிக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஆபத்தான வகை, அதாவது ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தால் வருவது, பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. நேற்று ராத்திரி மீன் சாப்பிட்டேன், இன்று சாயங்காலம் அரிக்கிறது என்றால் மீன்மேல் பழி போடுவதற்கு முன் வேறு காரணம் தேட வேண்டும்.

பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, பேதியாகிறது. ஆனால் தடிப்போ இருமலோ கிடையாது. இது பெரும்பாலும் பால் சர்க்கரை செரிக்காமை. தொல்லை, ஆனால் உயிராபத்து இல்லை. சூரை, அயிலை என்னும் கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் (அலர்ஜியில் உடம்பே வெளிவிடும் அரிப்பூட்டும் ரசாயனம்) உண்டாகிவிடும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். அலர்ஜியை அப்படியே உரித்து வைத்ததுபோல இருந்தாலும் இது கெட்ட மீனின் நஞ்சு. ஒரே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கும் வந்ததா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. கத்தரிக்காய் தின்றால் வாய் நமைக்கிறது என்பவர்களும் நிறைய. வாய் நமைச்சலோடு மட்டும் ஒவ்வொரு தடவையும் நிற்பது பெரும்பாலும் லேசான ரகம்.

கைக்குழந்தை என்றால் ஒரு விதிவிலக்கு. உணவு கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து, தடிப்பு எதுவுமில்லாமல், அடுக்கடுக்காக வாந்தி எடுத்து, வெளிறித் துவண்டு போனால் அது ஐஜிஇ சாராத வேறொரு வகை. தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் இதில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதற்காக லேசு என்று விடக்கூடாது. குழந்தை நீரிழந்து அதிர்ச்சி நிலைக்குப் போகலாம்.

மோசமான சம்பவத்தை மீண்டும் கட்டுவது

நடந்ததில் மோசமான ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட இருந்தவரையும் உட்காரவைத்து, நிமிட வாரியாக எழுதுங்கள். பாதிக்கப்பட்டவருக்கே பாதி நினைவிருக்காது. வாய்க்குள் போனது எத்தனை மணிக்கு, முதல் அறிகுறி எது, அடுத்தது எது, எப்போது அடங்கியது. செல்போனில் அன்று எடுத்த படம் இருந்தால் அதில் நேரம் பதிவாகியிருக்கும்; நினைவைவிட அது நம்பகமானது.

எழுதியதை உறுப்பு வாரியாகப் பிரியுங்கள். தோல்: காணாக்கடி, அரிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம். வயிறு: முறுக்கு வலி, வாந்தி, பேதி. மூச்சு: விடாத இருமல், இளைப்பு, வீசிங். தொண்டை: குரல் கம்முதல், விழுங்க முடியாமை, மூச்சை இழுக்கும்போது கீச்சொலி. ரத்த ஓட்டம்: தலைசுற்றல், வெளிறல், நாடி தளர்தல், மயக்கம். தோலோடு நின்றால் லேசு. தோலும் கூடவே மூச்சு, தொண்டை, ரத்த ஓட்டம் இவற்றில் ஒன்றும் சேர்ந்தால், அல்லது தோலோடு வயிற்று அறிகுறி கடுமையாக இருந்தால் அது அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான எதிர்வினை. அலர்ஜி என்று தெரிந்த உணவைச் சாப்பிட்டபின் மூச்சுக் குழலோ தொண்டையோ இறுகினாலும், ரத்த அழுத்தம் விழுந்தாலும், தோலில் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் அதுவும் அனாபிலாக்சிஸ்தான். உலக அலர்ஜி அமைப்பு 2020-ல் வெளியிட்ட வரையறை இந்த இரண்டையும் சொல்கிறது. பத்தில் ஒருவருக்காவது தடிப்பு வருவதே இல்லை. தடிப்பைத் தேடிக்கொண்டு நேரத்தை இழப்பது இங்கே நடக்கும் பெரிய தவறு.

சின்னக் குழந்தை தொண்டை அடைக்கிறது என்று சொல்லாது. நாக்கை இழுத்துவிடும், காதைப் பிடுங்கும், தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கும், ஓடிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று மடியில் வந்து சுருண்டுகொள்ளும். "தூக்கம் வந்துருச்சு போல" என்று விட்ட அந்த நிமிடத்தைத்தான் தோண்டிக் கேட்க வேண்டும்.

அடுத்தது சிகிச்சை. "ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, சரியாயிருச்சு" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன ஊசி? டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். நம் ஊரில் அவில், ஹைட்ரோகார்டிசோன், டெக்சாமெத்தசோன் போட்டு அனுப்பியிருப்பார்கள். அட்ரினலின் பெயரே இருக்காது. இதைப் பார்த்துவிட்டு, அட்ரினலின் தேவைப்படவில்லை, அதனால் லேசு என்று முடிவுகட்டுவது தலைகீழ்ப் பாடம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தப்பியிருக்கலாம். கொடுக்கப்பட்ட மருந்தை வைத்து அல்ல, அந்த அறிகுறிக்கு எது தேவையாக இருந்தது என்பதை வைத்தே கணியுங்கள். அடங்கிய பிறகு சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வந்ததா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தின்றதற்கு வந்தது?

கொஞ்சம், நிறைய என்ற சொற்கள் கணக்குக்கு உதவாது. புரதமாக மாற்ற வேண்டும், மில்லிகிராமில். பசும்பாலில் 100 மி.லி.க்கு 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம், ஆக ஒரு தேக்கரண்டிப் பாலில் சுமார் 160 மி.கி. ஒரு கோழி முட்டையில் 6 கிராம். வேர்க்கடலையில் கால் பங்கு புரதம்; பருப்பு அரை கிராம் எடை என்றால் 125 மி.கி. இறால் சதையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு முழுக் கிண்ணம் இறால் தொக்குக்குப் பிறகு வந்த தடிப்பும், இறால் வறுத்த கரண்டியால் கிளறிய வேறொரு குழம்புக்கு வந்த அதே தடிப்பும் ஒன்றல்ல. இரண்டாமவர் கல்யாணப் பந்தியில் உட்காரவே யோசிக்க வேண்டியவர்.

வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களில் மிக நுண்ணிய ஒரு பகுதியினருக்கு 1 மி.கி.க்கும் குறைந்த புரதமே போதும். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, எச்சரிக்கை லேபிளுக்கான வரம்பாக வேர்க்கடலைக்கு 2 மி.கி. புரதத்தைப் பரிந்துரைத்தது. அரைக் கிராம் பருப்பில் அறுபதில் ஒரு பங்கு அது.

இந்தக் கணக்கில் நம் சமையலறை சில பொறிகளை வைக்கிறது. ரீஃபைண்ட் கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை, செக்கில் ஆட்டியதில் உண்டு. "கடலை எண்ணெய் ஒத்துக்கிது" என்பவர் எந்த எண்ணெயைச் சொல்கிறார் என்று கேட்காமல் எழுதிக்கொள்ளாதீர்கள். நல்லெண்ணெய் எள்ளைச் செக்கிலிட்டு எடுப்பது. எள் அலர்ஜிக்காரருக்கு அது எண்ணெய் மட்டுமல்ல. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். யாழ்ப்பாணத்துச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கலாம். குருமாவில் முந்திரி, இட்லிப் பொடியில் எள் என்பதைச் சொல்லவே வேண்டாம். பாக்கெட் உணவுக்கான 2020-ம் ஆண்டு இந்திய லேபிள் விதிகள் வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், பால், முட்டை, மீன், ஓடுள்ள கடலினம், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவற்றைக் குறிப்பிடச் சொல்கின்றன. எள் அந்தப் பட்டியலில் இல்லை.

சமைத்த விதமும் முக்கியம். பால், முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பான்மையோர் மைதா மாவோடு சேர்த்து 180 டிகிரியில் அரை மணி நேரம் வெந்த கேக்கைத் தாங்குவார்கள். அதே குழந்தைக்கு ஆம்லெட்டோ பாயசமோ ஆகாமல் போகலாம். கேக் சாப்பிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல அறிகுறி, ஆனால் முட்டை முழுவதற்குமான அனுமதிச் சீட்டு அல்ல. பால் தயிரானாலும் பன்னீரானாலும் அதன் புரதம் போவதில்லை. நெய்யிலும் துளி ஒட்டியிருக்கும். ஆட்டுப்பாலுக்கு மாறுவது உதவாது. பசும்பால் ஆகாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் ஆகாது.

கூடச் சேர்ந்தவை

அந்த நாளைக் கேளுங்கள். காய்ச்சல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, மது அருந்தினாரா, மாதவிலக்கா, புரூஃபென் அல்லது ஆஸ்பிரின் போட்டாரா, சாப்பிட்டபின் ஓடினாரா. இவை ஒவ்வொன்றும் தாங்கும் அளவைக் கீழே இறக்கும். சிலருக்கு உணவு மட்டும் ஒன்றும் செய்யாது, உடற்பயிற்சி மட்டும் ஒன்றும் செய்யாது. சப்பாத்தி தின்று இரண்டு மணி நேரத்துக்குள் ஷட்டில் ஆடினால் மயங்கி விழுவார்கள். கோதுமையின் ஒமேகா-5 கிளையாடின் என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை இதைப் பிடிக்கும். வழக்கமான கோதுமைப் பரிசோதனை தவறவிடக்கூடும். மதியம் நாலு சப்பாத்தி தின்று தூங்கியபோது ஒன்றும் ஆகவில்லை என்பதால் கோதுமையை விடுவித்துவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

இந்த உடம்பில் வேறு என்ன?

ஆஸ்துமாதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுவே. உணவு அலர்ஜியால் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா இருந்தது. இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் "கன்ட்ரோல்ல இருக்கு" என்றுதான் பதில் வரும். கடந்த நான்கு வாரங்களைப் பற்றி நான்கு கேள்வி கேளுங்கள்: வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் பகலில் இளைப்பு வந்ததா, அதற்காக ஒருநாளாவது ராத்திரி விழித்தாரா, நிவாரண இன்ஹேலரை வாரம் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தாரா, மாடிப்படி, விளையாட்டு எதையாவது அதனால் நிறுத்தினாரா. ஒன்றுக்காவது ஆம் என்றால் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. மூன்றோ நான்கோ என்றால் கட்டுப்பாடே இல்லை.

வயதும் உண்டு. பதின்மூன்றிலிருந்து இருபதுகளின் நடுவரை உள்ளவர்கள் வெளியில் தின்பார்கள், நண்பர்கள் முன் அறிகுறியை மறைப்பார்கள், மருந்தை வீட்டில் விட்டுப்போவார்கள். பெரியவர்களிடம் மாத்திரை டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இருந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். சாதாரண நாளிலேயே ரத்தத்தில் டிரிப்டேஸ் (அலர்ஜியைக் கிளப்பும் அணுக்கள் வெளிவிடும் ஒரு நொதி) அளவு உயர்ந்திருப்பவர்களுக்கும் எதிர்வினை கடுமையாகும்; மயங்கி விழுந்த அனுபவம் உள்ள பெரியவருக்கு அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம்.

பரிசோதனைச் சீட்டை வாசிப்பது

தோல் பரிசோதனையில் முன்கையின் உள்பக்கம் ஒவ்வொரு சாறாகச் சொட்டு வைத்து, 2 செ.மீ. இடைவெளி விட்டு, சிறு லான்செட்டால் மேல்தோலைக் குத்துவார்கள். கூடவே இரண்டு சாட்சிச் சொட்டுகள்: தடிக்க வேண்டிய ஹிஸ்டமின், தடிக்கக் கூடாத உப்பு நீர். 15 நிமிடம் கழித்துத் தடித்த மேட்டை அளக்க வேண்டும். சுற்றியுள்ள சிவப்பை அளந்தால் கணக்கு வீங்கிவிடும். நீளமான குறுக்களவையும் அதற்குச் செங்குத்தானதையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவதே அளவு. உப்பு நீரைவிட 3 மி.மீ. அதிகம் என்றால் பாசிட்டிவ். ஹிஸ்டமினே தடிக்கவில்லை என்றால் சீட்டைக் கிழித்துவிடலாம். அந்த வாரம் செட்ரிசினோ சளி சிரப்போ உள்ளே போயிருக்கும். ஒரு வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வது அதனால்தான். பெரிய சம்பவம் நடந்து நான்கு வாரத்துக்குள் குத்தினால் பொய்யான நெகட்டிவ் வரலாம்.

இந்த எண்கள் அலர்ஜி இருப்பதற்கான வாய்ப்பைச் சொல்லும், கடுமையைச் சொல்லாது. குழந்தைகளில் வேர்க்கடலைக்கு 8 மி.மீ. மேடோ, ரத்தத்தில் 14 யூனிட் ஐஜிஇயோ இருந்தால் அலர்ஜி ஏறக்குறைய உறுதி. ஆனால் 100 யூனிட் உள்ளவருக்குத் தடிப்போடு முடியலாம், 2 யூனிட் உள்ளவர் மயங்கி விழலாம். இறாலில் இன்னொரு சிக்கல்: இறாலின் டிரோபோமயோசின் புரதம் கரப்பான்பூச்சியிலும் தூசிப் பூச்சியிலும் உள்ளதற்கு நெருங்கிய உறவு. தூசி அலர்ஜி உள்ளவருக்கு இறால் சோதனை பாசிட்டிவ் என்று வரும், அவர் ஞாயிறுதோறும் இறால் பிரியாணி தின்றுகொண்டிருப்பார். ஒத்துக்கொள்ளும் உணவைச் சீட்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வேர்க்கடலையின் ஆரா எச் 2 புரதத்துக்கான பரிசோதனை ஓரளவு உதவும். அதில் பாசிட்டிவ் என்றால் உடம்பு முழுவதும் பரவும் எதிர்வினைக்கு வாய்ப்பு அதிகம்.

நூறு இருநூறு உணவுகளுக்கு ஒரே மூச்சில் பார்த்துத் தரும் ஐஜிஜி (இது ஐஜிஇ அல்ல, வேறொரு எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையில் காசைப் போடாதீர்கள். நீங்கள் அடிக்கடி சாப்பிடும் உணவுதான் அதில் சிவப்பாக வரும்.

சந்தேகம் தீராவிட்டால் மருத்துவமனையில் கண்காணிப்போடு உணவைக் கொடுத்துப் பார்ப்பதே கடைசி வழி. 3 மி.கி. புரதத்தில் தொடங்கி 10, 30, 100, 300 என்று 20, 30 நிமிட இடைவெளியில் ஏற்றிப் போவார்கள். கண்ணுக்குத் தெரியும் அறிகுறி வந்ததும் நிறுத்துவார்கள். அரை நாள் வேலை. வீட்டில் "கொஞ்சமாக் குடுத்துப் பார்ப்போமே" என்பது இதற்கு மாற்றல்ல. உணவு அலர்ஜியில் இதயம் நின்றுபோகும் நிலைக்கு அரை மணி நேரமே போதும்.

சேர்த்துப் பார்ப்பது

2023-ல் உலக அலர்ஜி அமைப்பின் இதழில் வெளியான டிஃபேஸ் என்ற ஒருமித்த கருத்து, உணவு அலர்ஜியை லேசு, மிதம், கடுமை என்று பிரிக்க ஐந்து விஷயங்களை எடுத்துக்கொள்கிறது: மோசமான சம்பவத்தின் அறிகுறி, அதற்குக் குறைந்தபட்சம் தேவைப்பட்ட சிகிச்சை, எதிர்வினையைத் தூண்டும் குறைந்தபட்ச அளவு, அன்றாட வாழ்க்கையில் அதன் பாதிப்பு, செலவுச் சுமை. கடைசி இரண்டும் மருத்துவக் கணக்கில் ஏன் என்று தோன்றலாம். பள்ளிச் சுற்றுலாவுக்கே போகாத பிள்ளையின் நோயை லேசு என்று யார் சொல்வது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது வயதுச் சிறுமி, வெண்பொங்கலில் இருந்த ஒரு முந்திரியில் பாதி தின்றாள். 10 நிமிடத்தில் உதடு வீங்கியது, 20 நிமிடத்தில் இரண்டு வாந்தி, பிறகு விடாத இருமல். ஆஸ்பத்திரியில் நெபுலைசர், அவில், ஹைட்ரோகார்டிசோன். தோல் பரிசோதனை 6 மி.மீ. ஆஸ்துமாவுக்கு நிவாரண இன்ஹேலர் வாரம் மூன்று தடவை. வீட்டார் கணிப்பு "மீடியம்". நம் கணக்கில் தோல், வயிறு, மூச்சு என மூன்று உறுப்புகள், ஆகவே அனாபிலாக்சிஸ். அட்ரினலின் கொடுக்கப்படவில்லை, ஆனால் தேவைப்பட்டது. ஒரு பருப்பு ஒன்றரை கிராம், அதில் புரதம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, பாதியில் சுமார் 135 மி.கி. தூண்டும் அளவு குறைவு, ஆஸ்துமா முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. இது கடுமையான வகை. 6 மி.மீ. இந்த முடிவில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. முந்திரிக்கு உறவான பிஸ்தாவையும் பரிசோதிக்கும்வரை நிறுத்த வேண்டும். வேர்க்கடலை இதுவரை தின்று ஒத்துக்கொண்டிருந்தால் தொடரலாம்.

இந்த வகையில் விழுந்தவர், ஒருமுறையாவது அனாபிலாக்சிஸ் கண்டவர், மிகச் சிறு அளவுக்கே எதிர்வினை வருபவர், ஆஸ்துமாவும் உள்ளவர் ஆகியோர் அட்ரினலின் கையில் வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அளவு, எடை கிலோவுக்கு 0.01 மி.கி.; குழந்தைக்கு உச்சம் 0.3, பெரியவருக்கு 0.5 மி.கி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். குணமில்லாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடி. பேனா வடிவ ஊசி எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை, 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூலை உடைத்து உறிஞ்சிப் போட மருத்துவரோ நர்ஸோ கற்றுத்தர வேண்டும். 20 கிலோ குழந்தைக்கு அதில் 0.2 மி.லி. இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். அதன் ஊசி குட்டை, தசையைத் தொடாது.

கணிப்புக்குக் காலாவதி உண்டு. பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளர விலகும், ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கலாம். வேர்க்கடலை, முந்திரி, மீன், இறால் அலர்ஜிகள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆஸ்துமா மோசமானாலோ, புதிதாகப் பீட்டா பிளாக்கர் எழுதித் தரப்பட்டாலோ, குழந்தையின் எடை கூடி ஊசி அளவு மாறினாலோ அடுத்த செக்கப் வரை காத்திராமல் உடனே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.